அளம் பிரித்ததும் வாளி சேர்ப்பதும்

கடலைத் தூளாக வாளியில் அடைத்து ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள், அதை வாங்கித் தண்ணீரில் கரைக்கவும் ஆள் இருக்கிறது என்று மணப்பாட்டில் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணற்குன்றிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் கருமேனியாறு கடலில் கலக்கும் கழிமுகம். 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகையும் அதே குன்றில், அலை எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. வடக்கே ஆறுமுகநேரி, ஆத்தூர், தூத்துக்குடி என்று போகப் போக உப்பளங்கள். குஜராத்துக்கு அடுத்தபடி இந்தியாவில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி என்ற இந்த ஒரு மாவட்டத்தினுடையது. கடலும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. இங்கே யாருக்கு வேண்டும் வாளி?

வேண்டியவர்கள் தள்ளியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில், பெங்களூரில், சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளைச் சுற்றிவரும் வாடிக்கையாளர்களில், வீட்டு வரவேற்பறையில் ஒரு சிறு பவளத்திட்டை வளர்க்க ஆசைப்படும் கூட்டம் ஒன்று உண்டு. கோமாளிமீன், சோவாந்திட் மொட்டுகள், காளான்போல் விரியும் மென்பவளம், நீல விளக்கு. தொட்டி வாங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த உப்பு நல்லது என்பது. அதற்குப் பெரும்பாலும் ஒரு கம்பெனிப் பெயரைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். பெயரைச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்விக்கான உண்மையான பதில் தூத்துக்குடி அளத்தில் கிடக்கிறது, தலைகீழாக.

அளத்தில் நடப்பது உப்பைத் தயாரிக்கும் வேலை என்று பொதுவாக நினைக்கிறோம். வேதியியல் கண்ணால் பார்த்தால் அது கடலைப் பிரிக்கும் வேலை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு முக்கால் பங்குக்குச் சற்று மேல், 27 கிராம் அளவு. மிச்சம் மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட், புரோமைடு, ஸ்ட்ரான்சியம், போரான் என்று ஒரு நீண்ட வரிசை. வெயில் இவற்றை ஒன்றாக வெளியே தள்ளுவதில்லை. 1849இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைப் பொறுமையாக வற்றவைத்து ஒவ்வொன்றும் எப்போது படிகிறது என்று குறித்துவைத்தார். நீர் பாதியாகும் கட்டத்தில் கால்சியம் கார்பனேட் படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்கானால்தான் உப்பு.

உசிக்லியோவைப் படிக்காமலே அளத்துக்காரர்கள் இந்த வரிசையை அறிந்தவர்கள். அவர்கள் கணக்கு, நீரின் அடர்த்தியைக் காட்டும் டிகிரி. கடல்நீர் ஏறக்குறைய 3.5 டிகிரி, பல அளங்கள் அதைவிடக் கரிப்பான நிலத்தடி நீரை இறைப்பதால் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகின்றன. தெப்பங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் நகர நகர டிகிரி ஏறும், அடியில் ஜிப்சம் தங்கும். 25 டிகிரியை நெருங்கியதும் பாத்திக்கு விடுவார்கள், உப்பு பூக்கும். 29, 30க்குப் போகவிடாமல் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் மக்னீசியம் உப்போடு சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், ஈரம் இழுத்து நசநசத்துப் போகும். வாருபலகையால் இழுத்து அம்பாரம் கட்டும் வெள்ளை மலைக்குள் இருப்பது, தன் கூட்டாளிகளில் முன்னால் போனவர்களையும் பின்னால் போனவர்களையும் தொலைத்துவிட்டு வந்த ஒற்றை உப்பு. நல்ல அளத்துக்காரரின் திறமையே அந்தத் தொலைப்பில்தான் இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதிய வெந்த கால்களும் கூசும் கண்களும் இந்தப் பிரிப்பு வேலைக்குக் கொடுத்த விலைதான்.

பவளத்துக்குத் தேவை அந்தத் தொலைந்த கூட்டாளிகள். பாத்திக்கு முன்பே தங்கிவிட்ட கால்சியமும், பாத்திக்குப் பின் கசப்பு நீரோடு ஓடிப்போன மக்னீசியமும், பொட்டாசியமும், புரோமைடும். வாளியில் விற்கும் கலவை, அளம் பிரித்ததை எல்லாம் திரும்ப விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தது. ஆகவே அடுப்படி உப்புக்கு நாம் கொடுக்கும் சான்றிதழ்கள், வெள்ளை, சுத்தம், உதிரி, எல்லாமே தொட்டிக்குக் குறைகள்.

அடுப்படி உப்பை ஏன் போடக்கூடாது என்று கேட்டால் அயோடினைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய விதிப்படி அயோடின் உப்பில் ஆலையை விட்டுக் கிளம்பும்போது பத்து லட்சத்தில் 30 பங்கு, கடைக்கு வரும்போது 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் போட்டால் அரை மில்லிகிராமிலிருந்து ஒரு மில்லிகிராம் வரை. கடலில் இருப்பதோ 0.06 மில்லிகிராம் அளவுதான். எட்டு மடங்கு, பதினாறு மடங்கு என்பது அதிகம்தான். ஆனால் அதே உப்பில் குறைந்தது 96 விழுக்காடு சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பதும் விதி. அதாவது கூடு கட்டக் கால்சியம் இல்லை, கால்சியத்தை நீரில் தாங்கிப்பிடிக்க மக்னீசியம் இல்லை, காரத்தன்மை இல்லை. இல்லாததை விட்டுவிட்டு இருப்பதைக் கண்டு பயப்படுவது இந்தப் பொழுதுபோக்கின் பழைய வியாதி.

அந்த வியாதி இல்லாத ஒருவர் தொடக்கத்திலேயே இருந்தார். பிலிப் ஹென்றி காஸ், அப்போது லண்டனில் வசித்தவர். கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் மோகத்தை இங்கிலாந்தில் கிளப்பிவிட்டவர்களில் முதன்மையானவர். கடற்கரையிலிருந்து தண்ணீர் தருவித்துக் கட்டுப்படியாகாமல், 1854இல் அவர் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறையை வெளியிட்டார். சாப்பாட்டு உப்பு, பேதி உப்பு என்று நாம் அறிந்த மக்னீசியம் சல்பேட், மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. நான்கே பொருள். கால்சியத்தையும் புரோமைடையும், மிகச் சொற்பம் என்று விட்டுவிட்டார். முதலில் பாசிகளை அதில் வாழவைத்து, நீர் பதப்பட்ட பிறகே விலங்குகளை விட்டார். அவருடைய கடற்சாமந்திகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவற்றுக்குக் கல்கூடு கிடையாது. கல்கூடு கட்டும் பவளத்தை அதில் இறக்கியிருந்தால் கதை வேறாகியிருக்கும். எதை வளர்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் உப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது 1854இலேயே தெரிந்துவிட்ட செய்தி.

வாளி வியாபாரம் சாத்தியமானதற்கு இன்னொரு காரணம் உண்டு. கடல்நீர் இடத்துக்கு இடம் அதிகம் கரிக்கலாம், குறைவாகக் கரிக்கலாம். ஆனால் அதில் கரைந்திருக்கும் பெரிய உப்புகளுக்கு இடையிலான விகிதம் அநேகமாக மாறுவதில்லை. 1819இல் அலெக்சாண்டர் மார்செட் இதை ஊகித்தார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுத்து, 1884இல் வில்லியம் டிட்மார் உறுதி செய்தார். சேலஞ்சர் மன்னார் வளைகுடாப் பக்கம் வரவேயில்லை. இருந்தாலும் டிட்மாரின் விகிதம் மணப்பாட்டுக் கடலுக்கும் பொருந்தும். அட்லாண்டிக்கில் அளந்த கணக்கை ஒஹையோவில் ஒரு வாளிக்குள் போட்டுக் கொளத்தூரில் கரைக்கலாம் என்றால் அதற்கு அடிப்படை இந்த மாறாமைதான்.

ஒஹையோ என்றது சும்மா இல்லை. இன்ஸ்டன்ட் ஓஷன் என்ற வாளி உப்பு 1960களில் அங்கிருந்துதான் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியின் ட்ரோபிக் மரீன், இஸ்ரேலின் ரெட் ஸீ என்று வரிசை நீண்டது. 1990களின் இறுதியில் அட்கின்சன், பிங்மன் என்ற ஆய்வாளர்கள் எட்டுக் கலவைகளைக் கரைத்துப் பகுத்துப் பார்த்தபோது, பெரிய அயனிகளில் அவை கடலோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. வேறுபாடு தெரிந்தது நுண்ணளவு உலோகங்களில். அவற்றில் பல, கடலில் இருப்பதைவிடக் கலவைகளில் மிகுதி. விளம்பரங்களோ எழுபதுக்கு மேற்பட்ட தனிமங்கள் இருப்பதாகப் பெருமையடிக்கும். தொழிற்சாலை உப்பு எதை எடுத்தாலும் அதில் அசுத்தமாகப் பல தனிமங்கள் ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். அது சாதனையில்லை.

ஒரு கலவைக்கும் இன்னொன்றுக்கும் உண்மையில் பெரிதாக வேறுபடுவது காரத்தன்மை. இயற்கைக் கடலில் அது 7 டி.கே.எச். சுற்றி நிற்கும், கால்சியம் லிட்டருக்கு 410, 420 மில்லிகிராம், மக்னீசியம் 1300. ரெட் ஸீ நிறுவனமே இரண்டு வாளி விற்கிறது. ஒன்று கரைத்தால் 8 அளவில் நிற்கும்; கோரல் ப்ரோ என்ற மற்றது 12ஐ நெருங்கும். பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒரு நிலையான கணக்கில் எடுத்துக்கொள்கிறது: 2.8 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் 20 மில்லிகிராம் குறைந்திருக்கும். 420இல் 20 போனால் ஒன்றும் தெரியாது. 7இல் 2.8 போனால் தொட்டியே தடுமாறும். அதனால்தான் காரம் கூடிய வாளி இருக்கிறது. ஆனால் அது நிறையப் பவளம் வைத்து வேகமாகச் செலவழிக்கும் தொட்டிக்கானது. நாலு மென்பவளமும் இரண்டு கோமாளிமீனும் வைத்திருப்பவர், 'ப்ரோ' என்று எழுதியிருப்பதால் அதை வாங்கி, வாரம் ஒருமுறை நீர் மாற்றும்போது 8இல் இருந்த தொட்டியை உலுக்கிவிடுகிறார். விலை கூடிய உப்பால் கெடும் தொட்டிகள் மலிவு உப்பால் கெடுபவற்றைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. தொட்டியில் இப்போது என்ன அளவு நிற்கிறதோ அதற்கு நெருங்கிய கலவையை எடுத்து, வாளி தவறாமல் அதையே தொடர்வதுதான் தேர்வு. எந்த லேபிள் என்பது இரண்டாம்பட்சம்.

காரத்தன்மையை ஈடுகட்ட இன்னொரு வழியும் உண்டு. அந்த வழியில் தூத்துக்குடியின் ஒரு பழைய கணக்கு மறைந்திருக்கிறது. 1970களில் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கன்ஸ், தெளிந்த சுண்ணாம்புநீரைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டால் பவளம் வளர்கிறது என்று எழுதினார். கால்சியமும் காரமும் சரியான விகிதத்தில் ஒருசேரக் கிடைக்கும், அவ்வளவுதான் விஷயம். அதே காலத்தில் தூத்துக்குடிக் கரையில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காளவாயிலும் கார்பைடு ஆலைகளிலும் போட்டார்கள். கடலோர வீட்டுச் சுவர்களுக்குள்ளும் பவளக்கல் போனது. அலையைத் தடுத்த அரண் போனதும் தீவும் கரைந்தது. 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது நீருக்கடியில். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவும் அந்த வழியில் போய்க்கொண்டிருந்ததால் 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதலே, உயிருள்ள பவளத்தின் கிளைத்துண்டுகளைச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறது. துண்டு வெட்டி வளர்ப்பது என்ற நுட்பம் வரவேற்பறைத் தொட்டிக்காரருடையதும்தான். கடலடியில் உப்பைப் பற்றிய கவலையில்லை, வெப்பத்தைப் பற்றித்தான்: 1998, 2010, 2016 கோடைகளில் வளைகுடாப் பவளங்கள் நிறமிழந்து வெளுத்தன.

இதை ஒட்டிச் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உப்புக் கடைக்காரர் சொல்லமாட்டார். பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கடல்விசிறிகளும், கருப்புப் பவளமும், நெருப்புப் பவளமும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். புலியும் இருப்பது அதே அட்டவணையில்தான். கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைத் தொட்டி அலங்காரத்துக்கு எடுத்துப்போவதும் விளையாட்டில்லை. கல்பவளங்கள் நாடு விட்டு நாடு போகச் சைட்டீஸ் ஒப்பந்தத்தின்படி அனுமதியும் வேண்டும். ஆக, இங்கே ஒழுங்காகத் தொட்டி வைப்பவர் பெரும்பாலும் மென்பவளத்தோடும் பண்ணையில் பிறந்த மீனோடும் நின்றுகொள்கிறவர். அவருக்கு 12 டி.கே.எச். வாளி தேவையே இல்லை.

இனி மணப்பாட்டுக்காரருக்கு வருவோம். அவருக்குக் கடல் இலவசம். தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1981இல் முத்துச்சிப்பியைக் குஞ்சுப்பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்தது இந்தக் கடல்நீரில்தான், வாளி உப்பில் இல்லை. 1961இல் கடைசி முத்துக்குளிப்பு முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் சிப்பி அங்கே தொட்டியில் பிறந்தது. முத்தும் பவளக்கூடும் பெரும்பாலும் அராகனைட் என்ற ஒரே பொருள். கூடு கட்டும் பொருளைப் பொறுத்தவரை ஒன்றுக்கு உகந்த நீர் மற்றதற்கும் உகந்ததே. ஆனால் ஆய்வகம் கடலை அப்படியே மொண்டு ஊற்றுவதில்லை. தேக்கித் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, கிருமி நீக்கித்தான் உள்ளே விடுகிறது. கரையோரத்தில் மொண்ட குடத்தில் நுண்ணுயிர்கள், மணல், டீசல் எண்ணெய், மீன்கழிவு எல்லாம் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் கருமேனியாறும், புன்னைக்காயலில் தாமிரபரணியும் நன்னீரைக் கொட்டும்போது கரையோரக் கரிப்பு சட்டென்று இறங்கும். அளத்தில் வேலை நிற்கும் அந்த மாதங்களில் கரைநீரை நம்பித் தொட்டியை ஓட்டக்கூடாது. நல்ல வெயில் காலத்தில், கழிமுகத்திலிருந்து தள்ளி, படகில் கொஞ்சதூரம் போய் மொண்டுவந்து, மூடிய டிரம்மில் இருட்டில் சில நாள் வைத்து வடிகட்டினால் எந்த வாளியும் அதை வெல்லாது. அப்போதும் கரிப்பை அளந்துதான் ஊற்ற வேண்டும்.

அளப்பதிலும் அளத்தின் நிழல் விழுகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் பலவும் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்குக் கோடு போட்டவை. கடல்நீரை வைத்தால் ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்கு வரை கூட்டிக் காட்டும். வெறும் தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்துவிட்டால் சரியாகாது. 35 என்று குறித்த கடல்நீர் மாதிரியில் வைத்துத் திருத்த வேண்டும். தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை: வீட்டு ஆர்.ஓ. கருவியும் கேன் தண்ணீரும் குடிக்கச் சுவையாக இருக்கக் கொஞ்சம் தாதுவை விட்டுவைப்பவை. தொட்டிக்கு அந்தச் சுவை வேண்டாம். டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்ஜியம் காட்டும் தண்ணீர் வேண்டும்.

கரைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. தண்ணீரில் உப்பைத்தான் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், அடர்ந்த கரைசலில் கால்சியமும் காரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் படிந்துவிடும். உசிக்லியோவின் பாத்திரத்தில் முதலில் படிந்த அதே கால்சியம் கார்பனேட்தான் அது. லிட்டருக்கு 37, 38 கிராம் எடுத்து, சிறு பம்பை ஓடவிட்டு, சில மணிநேரமாவது சுழலவிட வேண்டும். கணக்கில் 35தானே என்று தோன்றும்; கலவையிலுள்ள மக்னீசியம் குளோரைடு தன்னோடு தண்ணீரையும் கட்டிவைத்திருப்பதால் எடை கூடுகிறது. மிக்சர் பாக்கெட்டில் கடலை அடியில் தங்குவதுபோல வாளிக்குள் கனமான குருணைகள் இறங்கிவிடும். திறந்ததும் உருட்டிப் புரட்டாமல் மேலாக அள்ளினால் முதல் வாரத்துக் கடலும் கடைசி வாரத்துக் கடலும் வேறுவேறு. ஈரக்காற்று அடிக்கும் ஊரில் மூடியைத் திறந்துவைத்தால் ஒரே இரவில் கட்டியாகும். ஈரத்தை இழுப்பது அதே மக்னீசியம், அளத்துக்காரர் 30 டிகிரியில் வெளியேற்றியது.

200 லிட்டர் தொட்டியில் வாரம் பத்து விழுக்காடு மாற்றினால் 20 லிட்டர். முக்கால் கிலோ கலவை கரையும், 20 கிலோ வாளி ஆறு மாதம் தாங்கும். மாற்றி எடுத்த 20 லிட்டர் பழைய நீர் எங்கே போகிறது என்று வாளி விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. தென்னைக்கு உப்பு வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டுதான். வாராவாரம் இந்த அளவைத் தென்னையும் கேட்காது. மணப்பாட்டுக்காரருக்கு வாசலிலேயே கடல் இருப்பதால் திரும்ப அதிலேயே ஊற்றிவிடத் தோன்றும். அதைத்தான் செய்யக்கூடாது. எங்கோ பிடித்த பாசியின் துணுக்கும் நத்தையின் முட்டையும் அந்த நீரில் இருக்கலாம். மண்டபம் கடலில் பிழைப்புக்காக வளர்க்கக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, 2008இல் குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்து அவற்றை மூடியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்த பாசி. தொட்டிக்காரர் தன் 20 லிட்டரைக் கழிவறைக் குழாயில், நிறைய நன்னீரோடு சேர்த்து, ஊற்றிவிடலாம்.